‘கான் சொர்டினோ’ என்றால் எந்த மியூட்?

டெபுஸியின் ‘ஃபெத்’ நடுவே ஓர் இடம் வரும். அதுவரை திருவிழாக் கூட்டம்போல் குதித்தோடிக்கொண்டிருந்த ஆர்கெஸ்ட்ரா சட்டென்று அடங்கும். ஹார்ப், டிம்பனி, விரலால் சுண்டும் தந்திகள் ஆகியவை மட்டும் காதில் விழுந்தும் விழாமலும் நடைபோடத் தொடங்கும். அந்த நடையின்மேல், நாலு தெரு தள்ளி ஊர்வலம் புறப்பட்டதுபோல், மூன்று டிரம்பெட்டுகள் கேட்கும். வாசிப்பவரின் தாளில் அந்த இடத்தில் இருப்பவை இரண்டு கட்டளைகள்தாம்: மிக மென்மையாக வாசி, மியூட் போட்டு வாசி. எந்த மியூட் என்று டெபுஸி சொல்லவில்லை. 1899-இல் ‘நாக்டர்ன்’ தொகுப்பை அவர் முடித்தபோது அதைச் சொல்லவேண்டிய தேவையும் பெரிதாக இல்லை. ஆர்கெஸ்ட்ராவில் மியூட் என்றால் கூம்பு வடிவ மியூட்தான்.

இன்று டிரம்பெட்காரரின் பையைத் திறந்தால் ஐந்தாறு மியூட் கிடக்கும். வெறும் ‘கான் சொர்டினோ’ (மியூட்டுடன்) என்று மட்டும் எழுதியிருக்கும் பக்கத்தைப் பார்த்து, அவற்றில் எதை எடுப்பது?

அமெச்சூர் ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் மூன்றாம் டிரம்பெட் நாற்காலியில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். ‘ஃபெத்’ ஒத்திகைக்கு எடுத்துக்கொண்ட அன்று எங்கள் மூவரிடமும் மூன்று விதமான மியூட். முதல்வரிடம் முழு அலுமினியம், இரண்டாமவரிடம் அடிப்பாகம் மட்டும் செம்பில் செய்தது, என்னிடம் ஃபைபர். வாசித்து முடித்ததும் நடத்துநர் மேடையிலிருந்து இறங்கி, அரங்கின் கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொண்டு, மறுபடி வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, மூன்று தெருவிலிருந்து மூன்று ஊர்வலம் வருவதுபோல் இருக்கிறது என்றார். மூவரும் சுரம் தவறவில்லை, தாளம் பிசகவில்லை, ஓசை அளவிலும் சமமாகத்தான் இருந்தோம். குறை முழுக்க மியூட்டில் இருந்தது. எந்த மியூட் என்பது வாசிப்பவரின் சொந்த ருசி, அவரவர் வசதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் வாசிப்பது என்பதைப்போல இதுவும் இசையைப் படித்துத் தீர்மானிக்கவேண்டிய ஒன்று.

மியூட் என்பது ஓசையைக் குறைக்கும் மூடி என்பதே பொதுவான எண்ணம். அதன் பெயரும் அப்படித்தான் நினைக்கவைக்கிறது. ஆனால் மென்மைதான் வேண்டுமென்றால் ‘மென்மையாக’ என்று எழுதினாலே போதுமே! தேர்ந்த வாசிப்பாளர் மியூட் இல்லாமலேயே மூச்சளவுக்கு இறங்கி வாசித்துவிடுவார். மியூட்டின் வேலை வேறு. நாகஸ்வரத்தின் அணசுபோல விரிந்திருக்கும் பித்தளை வாயை, வாசிப்பவர்கள் ‘பெல்’ என்று சொல்வதை, ஒரு கூம்பு கிட்டத்தட்ட அடைத்துவிடுகிறது. கூம்பின்மேல் ஒட்டிய மூன்று கார்க் துண்டுகள் பெல்லின் உட்சுவரைக் கவ்விக்கொள்ள, சுற்றிலும் மெல்லிய இடைவெளி மிஞ்சும். ஒலி அந்தச் சந்தின் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். தாழ்ந்த அதிர்வெண்களில் பெரும்பகுதி அங்கே தடுக்கப்பட்டு உள்ளேயே திரும்பிவிடுகிறது. டிரம்பெட்டில் சுமார் 1800 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை அதிகம் குறையாமல் வெளியே வந்துவிடுகின்றன. சுரம் அதேதான், ஆனால் அதன் உடம்பு இளைத்து, விளிம்பு கூராகிறது. மூக்கடைத்தவர் பேசுவதுபோன்ற அந்த நிறம் இப்படித்தான் பிறக்கிறது.

ஆகவே மியூட் போட்டு உரக்க வாசித்தால் ஓசை அடங்கிப்போவதில்லை, சீறுகிறது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். 1897-இல் அவர் எழுதி முடித்த ‘டான் கிஹோத்தே’யில், ஆட்டு மந்தையைப் பகைவர் படை என்று நம்பி வீரன் பாய்கிற கட்டத்தில், பித்தளைக் கருவிகள் மியூட்டுடன் நாக்கை ர்ர்ர் என்று அதிரவிட்டு வாசிக்கின்றன. ஆடுகள் கத்துவது அப்படியே கேட்கும். அங்கே மெத்தென்று ஒலிக்கும் மியூட்டைப் போட்டவர் ஆடுகளைத் தூங்கவைத்துவிடுவார். அந்த இடத்துக்குக் கடினமான உலோகம்தான் சரி.

டெபுஸிக்கு மிக முன்பே மியூட் இருந்தது. 1607-இல் மாண்டிவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ தொடக்கத்தில் வரும் டிரம்பெட் முழக்கத்துக்கு ஒரு குறிப்பு உண்டு: டிரம்பெட்டுகளை மியூட்டுடன் வாசித்தால் மற்றக் கருவிகள் ஒரு முழுச்சுரம் உயர்த்தி வாசிக்க வேண்டும். காரணம், அந்தக் காலத்து மியூட்டின் அமைப்பு. கடைந்தெடுத்த மரத்துண்டு அது. பெல்லைச் சுற்றிலும் இறுக அடைத்துக்கொள்ளும், நடுவே துளையிட்டிருக்கும், ஒலி அந்தத் துளை வழியாக வரும். இன்றைய கூம்பு மியூட் இதற்கு நேர் எதிர். நடுவில் அடைப்பு, சுற்றிலும் வழி. பழைய மர மியூட் சுருதியை ஒரு முழுச்சுரம் ஏற்றிவிடும். நவீன மியூட்டைப் போட்டுக்கொண்டு மாண்டிவெர்டியின் குறிப்பை அப்படியே பின்பற்றினால் டிரம்பெட் ஒரு சுருதியிலும் மற்றவர்கள் வேறொன்றிலும் நிற்பார்கள். பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-இல் எழுதிய பெரிய இசைநூலில் இந்த மர மியூட்டைக் காட்டுகிறார். 1795-இல் ஆல்டன்பர்க் என்ற ஜெர்மன் டிரம்பெட் கலைஞர் அது எதற்கெல்லாம் பயன்பட்டது என்று எழுதிவைத்திருக்கிறார்: பகைவனுக்குத் தெரியாமல் படை நகரும்போது, சாவு ஊர்வலத்தில், உதட்டுக்குப் பயிற்சி கொடுக்கும்போது. சாவு வீட்டு நினைவு மியூட் ஒலியை விட்டு முழுதாகப் போகவே இல்லை என்று எனக்குத் தோன்றும். இருபதாம் நூற்றாண்டு ஆர்கெஸ்ட்ரா இசையிலும் அது அடிக்கடி அந்த நிழலோடுதான் வருகிறது.

பித்தளைக் குடும்பத்தில் மிகுந்த குழப்பம் ஹார்னில்தான். அதற்குக் காரணம் ஹார்ன்காரரின் வலக்கை. ஹார்ன் வாசிப்பவர் வலக்கையை எப்போதும் பெல்லுக்குள் வைத்திருப்பார், கையே ஒரு பாதி மியூட். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் டிரெஸ்டன் நகரின் ஹாம்பெல் என்ற கலைஞர், கையால் பெல்லை மூடியும் திறந்தும் இயற்கையாகக் கிடைக்காத சுரங்களைக் கொண்டுவரும் முறையை உருவாக்கியதாகச் சொல்வார்கள். 1810-களில் வால்வு வந்தபின் அந்த வித்தை சுரத்துக்காகத் தேவைப்படவில்லை, ஆனால் நிறத்துக்காகத் தங்கிவிட்டது. இதனால் ஹார்னில் ‘அடைத்து வாசிப்பது’ என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. கையால் முழுக்க அடைப்பது ஒன்று. ஜெர்மன் தாள்களில் ‘கெஷ்டாப்ஃப்ட்’, பிரெஞ்சுத் தாள்களில் ‘பூஷே’, பல இடங்களில் சுரத்தின் தலைமேல் வெறும் கூட்டல் குறி. மற்றது மியூட் போடுவது. ஜெர்மனில் ‘மிட் டேம்ப்ஃபர்’, பிரெஞ்சில் ‘சூர்தீன்’, இத்தாலியில் ‘கான் சொர்டினோ’.

இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை ஹார்ன்காரரின் பக்கத்தில் நின்று கேட்டுப்பார்க்க வேண்டும். கையை இறுக அடைத்து ஊதினால் தகரத்தைக் கீறியதுபோல் மெல்லிய, உலோகம் கலந்த நடுக்கம் வரும். சுரமும் அரைச்சுரம் ஏறிவிடும். ஆகவே வாசிப்பவர் கருவியின் எஃப் குழாய்ப் பகுதிக்கு மாறி, அரைச்சுரம் கீழே விரல் வைத்து ஈடுகட்டுவார். மியூட் போட்டால் சுருதி நகராது. ஒலி தூரத்துக்குப் போகும், இருளும், ஆனால் கீறாது. இசையமைப்பாளர் எதை விரும்பினார் என்பது தாளில் எழுதிய சொல்லில் மட்டும் இல்லை. அந்தச் சொல்லைக் கவனமில்லாமல் எழுதியவர்கள் நிறைய உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைத்தவர்களும் உண்டு. அப்போது இசையைத்தான் பார்க்க வேண்டும். ஒற்றைச் சுரம் ஊசிபோல் குத்திவிட்டு மறைகிறதா? கை. நான்கு ஹார்ன்கள் சேர்ந்து நீண்ட மெல்லிய கொத்துச்சுரத்தைப் பிடித்து நிற்கின்றனவா? மியூட். ‘தாஸ் ரைன்கோல்ட்’ இசைநாடகத்தில் உருமாற்றும் மாயத் தலைக்கவசத்துக்கு வாக்னர் கொடுத்த இசை இரண்டாவது வகை. மியூட் போட்ட ஹார்ன்கள் மிக மென்மையாக, எந்தத் திசையிலிருந்து வருகிறதென்றே தெரியாமல் ஒலிக்க வேண்டும். மரம் அல்லது ஃபைபர் மியூட்டில் அந்த மர்மம் கிடைக்கும். உலோகத்தைப் போட்டால் கவசம் எங்கே இருக்கிறதென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த ஹார்ன் மியூட் இடம் இதைவிட எளியது. 1808-இல் முதன்முதலாக வாசிக்கப்பட்ட பீத்தோவனின் ஆறாம் சிம்பனியின் கடைசி அடிகள். புயல் ஓய்ந்து, ஆட்டிடையர்களின் நன்றிப் பாட்டு பொங்கித் தணிந்து, முடியப்போகும் நேரத்தில் ஒரே ஒரு ஹார்ன் மியூட் போட்டு அந்தப் பாட்டை இன்னொரு முறை சொல்லும். சொல்லி முடித்ததும் இரண்டு உரத்த கொத்துச்சுரங்கள், அவ்வளவுதான். மாலையில் மலைச்சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருப்பவன் திரும்பிப் பார்க்காமல் பாடிக்கொண்டு போவதுபோல் இருக்கும். பல ஒலிப்பதிவுகளில் அது மியூட் என்றே கவனத்துக்கு வராது. அப்படி வராமல் வாசித்தவர்தான் சரியான மியூட்டைத் தேர்ந்தவர்.

ஹார்ன்காரருக்கு மூன்றாவதாக ஒன்றும் தேவை, பித்தளையில் செய்த ‘ஸ்டாப்பிங் மியூட்’. கையால் அடைப்பது தாழ்ந்த சுரங்களில் சரியாக நிற்காது, கை சிறியவர்களுக்கு நடுச்சுரங்களிலும் சிரமம். அங்கே இது கைகொடுக்கும். ஆனால் இதுவும் கையைப்போலவே சுருதியை அரைச்சுரம் ஏற்றும். இதை மறந்து சாதாரண மியூட் என்று எண்ணி வாசித்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

டிரம்பெட்டுக்கு வருவோம். கூம்பு வடிவ மியூட்டை ‘ஸ்ட்ரெய்ட்’ என்பார்கள். ஆர்கெஸ்ட்ராவில் வேறெதுவும் சொல்லாமல் மியூட் என்று மட்டும் போட்டிருந்தால் அதுதான் பொருள். இந்த ஒன்றிலேயே பொருளுக்கு ஏற்ற பல குணங்கள் உண்டு. லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவில் 1957 முதல் 1988 வரை முதன்மை டிராம்போன் வாசித்த டெனிஸ் விக் தம் பெயரில் கொண்டுவந்த அலுமினிய மியூட்டுகள் உலகம் முழுக்க ஆர்கெஸ்ட்ரா நாற்காலிகளுக்கு அடியில் கிடக்கின்றன. அவற்றின் ஒலி துலக்கமானது, கூட்டத்தைத் தாண்டிக் கேட்கும். அடிப்பாகத்தில் செம்போ பித்தளையோ வைத்தால் கூர் சற்று மழுங்கிச் சூடு ஏறும். ஃபைபர் வகையில் ஹியூம்ஸ் அண்ட் பெர்க் நிறுவனத்தின் சிவப்பு-வெள்ளை ‘ஸ்டோன்லைன்ட்’ மியூட் எல்லாருக்கும் தெரிந்தது. எடை குறைவு, விலை குறைவு, ஒலி திரைக்குப் பின்னால் இருந்து வருவதுபோல் இருக்கும். மாணவர் கருவி என்று ஃபைபரை ஒதுக்குபவர்களை நான் ஒப்புவதில்லை. உலோகம் கொடுக்கும் பளபளப்பு சில இடங்களில் இசைக்கே பகை.

பொருளைத் தாண்டி இன்னொன்று உண்டு. கடைகளில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை: மியூட் எவ்வளவு எதிர்க்கிறது, எவ்வளவு சீக்கிரம் பேசுகிறது. முஸோர்க்ஸ்கியின் பியானோ இசையை ராவெல் 1922-இல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதிய ‘ஒரு கண்காட்சியின் ஓவியங்க’ளில் ‘சாமுவேல் கோல்டன்பெர்க், ஷ்முயில்’ என்ற பகுதி வரும். செல்வர் ஒருவர், ஏழை ஒருவர். செல்வரைத் தந்திகளும் மரக்குழல்களும் ஒரே குரலில் கனத்துச் சொல்லும். ஏழைக்கு ஒற்றை டிரம்பெட், மியூட் போட்டு. குளிரில் பல் கிட்டுவதுபோல், கெஞ்சுவதுபோல், ஒரே சுரம் மும்மூன்றாக அடுக்கடுக்காகத் துடித்துக்கொண்டே போகும். நடுநடுவே சின்ன அலங்காரச் சுரங்கள் வேறு. உதட்டுக்கு ஓய்வே இல்லை. ஒவ்வொரு துடிப்பும் நாக்கு பட்ட அந்தக் கணத்திலேயே பேச வேண்டும். இங்கே அழகாக ஒலிக்கும் மியூட் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது ஒரு மயிரிழை தாமதித்துப் பேசினாலும் அடுத்தடுத்த சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிடும். என் உதட்டுக்கு ஒத்துவந்தது மெல்லிய சுவர் கொண்ட, எடை குறைந்த அலுமினிய மியூட். ஃபைபரில் முயன்றபோது நிறம் ஏழ்மைக்குப் பொருந்தியது, ஆனால் நாக்கு பின்தங்கியது. இப்படிப்பட்ட இடத்தில் நிறத்தையும் உடனே பேசும் குணத்தையும் ஒன்றோடொன்று பேரம்பேசித்தான் ஆக வேண்டும். நான் இரண்டாவதன் பக்கம் நிற்பேன். துடிப்பு இல்லாவிட்டால் அங்கே ஷ்முயிலே இல்லை.

இது தனி ஒருவரின் கணக்கு. இருவர் மூவர் சேர்ந்து வாசிக்கும்போது கணக்கே மாறிவிடும். பார்டோக் 1943-இல் எழுதிய ‘கான்செர்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ரா’வின் இரண்டாம் பகுதியில் கருவிகள் இரண்டிரண்டு பேராக வரும். ஒவ்வொரு சோடிக்கும் ஓர் இடைவெளி. பசூன்கள் ஆறாம் சுரத் தூரத்தில், ஓபோக்கள் மூன்றாம் தூரத்தில், இப்படியே போய்க் கடைசியில் இரண்டு டிரம்பெட்டுகள் மியூட் போட்டு அடுத்தடுத்த சுரங்களில், ஒன்றையொன்று உரசிக்கொண்டே நடக்கும். உரசல்தான் அங்கே இசை. ஒருவர் அலுமினியமும் மற்றவர் ஃபைபரும் போட்டால் இரண்டு குரல்களும் தனித்தனியாகப் பிரிந்துவிடும், உரசுவதற்கு எதுவும் மிஞ்சாது. ஒரே நிறுவனத்தின் ஒரே வகை வேண்டும், கார்க் தேய்மானமும் முடிந்தவரை ஒன்றாக இருக்க வேண்டும். கார்க் தேய்ந்த மியூட் பெல்லுக்குள் ஆழமாக இறங்கும், சந்து குறுகும், நிறம் மாறும். ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ இரண்டாம் பாகத்தின் முன்னுரையில் தனித்துத் தவழும் இரண்டு மியூட் டிரம்பெட்டுகளுக்கும் இதே விதிதான்.

எங்கள் ‘ஃபெத்’ சிக்கலும் இப்படித்தான் தீர்ந்தது. முதல்வரிடம் இருந்த அலுமினிய வகையையே மற்ற இருவரும் இரவல் வாங்கினோம். மூவரும் ஃபைபர் போடலாமா என்றும் ஒரு சுற்று பார்த்தோம். தூரம் அழகாக வந்தது, ஆனால் ஊர்வலத்தின் காலடி தெளியவில்லை, மும்மைச் சுரங்கள் மழுங்கின. அலுமினியத்தைப் போட்டுக்கொண்டு உண்மையிலேயே மிக மென்மையாக வாசிப்பது கடினம், நடுக்கம் வெளியே தெரிந்துவிடும். ஆனாலும் அதுதான் சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். தூரத்தை மியூட்டிடம் விட்டுவிடாமல் மூச்சிலிருந்தே கொண்டுவர வேண்டும், தெளிவை மட்டும் மியூட்டிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். ராவெலின் ‘பொலேரோ’வில் புல்லாங்குழலோடு ஒட்டிக்கொண்டு வரும் மியூட் டிரம்பெட்டுக்கு நான் இதற்கு மாறாகச் சொல்வேன். அங்கே டிரம்பெட் தனியாகக் கேட்கவே கூடாது, குழலுக்கு ஓர் உலோக ஓரம் கட்டினால் போதும். கூர் குறைந்த மியூட்தான் நல்லது.

ஜாஸ் வந்தபின் பை கனத்தது. 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கின் ஏயோலியன் ஹாலில் கெர்ஷ்வினின் ‘ராப்ஸடி இன் புளூ’ முதன்முறையாக ஒலித்தபோது நடன அரங்கின் பித்தளை ஒலிகளும் கச்சேரி மேடைக்குள் நுழைந்தன. ஹார்மன் மியூட் அப்படி வந்தவற்றுள் ஒன்று. குமிழ் வடிவ உலோகம், கழுத்தைச் சுற்றிலும் முழு வளையமாகக் கார்க். அதனால் மூச்சு முழுவதும் மியூட்டுக்குள்ளே புகுந்துதான் வெளியேற வேண்டும். நடுவில் ஒரு சிறு குழாய். அதன் வாயை உள்ளங்கையால் மூடித் திறந்தால் ‘வா... வா’ என்று பேசும். கார்ட்டூன் படங்களில் ஏமாந்துபோன பாத்திரத்தின் பின்னால் கேட்கும் அழுகுரல் இந்த வகைதான். குழாயைக் கழற்றிவிட்டால் மெலிந்த, தனிமை தோய்ந்த இன்னொரு குரல் வரும். மைல்ஸ் டேவிஸ் அதை உலகறியச் செய்தார். ஆர்கெஸ்ட்ராத் தாளில் ‘ஹார்மன்’ என்று இருந்தால் அடுத்த கேள்வி குழாய் உள்ளேயா வெளியேயா என்பது. எழுதாமல் விட்ட இசையமைப்பாளர் உயிரோடு இருந்தால் நேரில் கேட்டுவிடுவதே நல்லது.

கப் மியூட் என்பது கூம்பின் அடியில் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து ஒட்டியது. கிண்ணத்தின் விளிம்பு பெல்லை நெருங்கி நிற்கும். ஸ்ட்ரெய்ட் வகையின் கூர் இதில் இல்லை, வெதுவெதுப்பான நடுக்குரல்தான் கிடைக்கும். கிண்ணத்தை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய வகையை வாங்குவது அறிவு. பெல்லை ஒட்டி வைத்தால் மௌனத்தின் ஓரம், விலக்கி வைத்தால் பேச்சு. பழைய ஐரோப்பிய இசையில் ‘மென்மையாக இருக்கட்டும்’ என்று கப் மியூட்டைப் போடுபவர்கள் உண்டு. மியூட் என்று மட்டும் எழுதிய டெபுஸிக்கோ மாலருக்கோ இதைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் காதில் இருந்தது கூம்பின் ஒலி. பக்கெட் மியூட்டில் பஞ்சு நிரப்பியிருக்கும், பெல் விளிம்பில் கொக்கிகளால் மாட்டுவார்கள். டிரம்பெட்டும் டிராம்போனும் ஹார்ன்போல உருண்டையாக ஒலிக்கும். அதை மாட்டவும் கழற்றவும் நேரம் பிடிக்கும் என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும். 1925-இல் கெர்ஷ்வின் எழுதிய எஃப் கான்செர்டோவின் இரண்டாம் பகுதியில் டிரம்பெட்டின் நீண்ட தனிப்பாட்டுக்கு அவர் கேட்பது பெல்மேல் மாட்டும் ஃபெல்ட் துணி. இருட்டிய தெருவில் யாரோ பாடுவதுபோன்ற அந்த இடத்தைக் கூம்பு மியூட்டால் வாசிப்பது அந்த இரவுக்கு விளக்குப் போடுவது. பிளஞ்சர் என்பது குளியலறை அடைப்பை எடுக்கும் ரப்பர் கிண்ணமேதான். பிடியைக் கழற்றிவிட்டுக் கையில் பிடித்து பெல்லை மூடித் திறப்பார்கள். ஹார்டுவேர் கடைக் கிண்ணம் இதற்கு நன்றாகவே போதும். பெரியோ 1966-இல் தனி டிராம்போனுக்கு எழுதிய ‘செக்வென்ஸா ஐந்து’ பிளஞ்சரைக் கொண்டு டிராம்போனைக் கிட்டத்தட்ட மனிதனாகவே பேசவைக்கிறது.

டிராம்போனிலும் டியூபாவிலும் தேர்வு குறைவு, கவலை வேறு. டிராம்போனின் தாழ்ந்த சுரங்கள் சிறிய மியூட்டுக்குள் நிலைகுலையும். பேஸ் டிராம்போனுக்கு டெனர் மியூட்டைப் போட்டு ஒப்பேற்றுவது அங்கேதான் காட்டிக்கொடுக்கும். அதற்கென்று பெரிய அளவில் செய்ததுதான் வேண்டும். டியூபா மியூட் நடக்கத் தெரியாத குழந்தை உயரம் இருக்கும். உட்கார்ந்தபடியே தரையிலிருந்து எடுத்து, மேல்நோக்கி நிற்கும் பெல்லுக்குள் ஓசைப்படாமல் இறக்க வேண்டும். அதற்குப் போதிய அடிகளை இசையமைப்பாளர் விட்டிருக்கிறாரா என்று முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும். விடாதவர்கள் நிறையப் பேர்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் கணக்கு இதுதான். டிரம்பெட்காரர் முதலில் தம் குழுவில் முதல்வர் எந்த ஸ்ட்ரெய்ட் மியூட்டை வைத்திருக்கிறார் என்று பார்த்து, அதையே வாங்க வேண்டும். தனக்குப் பிடித்ததை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். அடுத்து ஒரு ஃபைபர், பின்பு கிண்ணம் நகரும் கப், அதன்பின் ஹார்மன். ஹார்ன்காரருக்கு மரம் அல்லது ஃபைபரில் நல்ல மியூட் ஒன்று, பித்தளை ஸ்டாப்பிங் மியூட் ஒன்று. வீட்டில் பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாமல் பழகப் பயன்படும் பிராக்டிஸ் மியூட்டை மேடைக்குக் கொண்டுவரக் கூடாது. அது ஓசையை விழுங்குவதற்கென்றே செய்தது, நிறம் என்று எதுவும் அதில் இல்லை. அதிலேயே மாதக்கணக்கில் பழகினால் காது அதன் சுருதிக்கும் உதடு அதன் எதிர்ப்புக்கும் பழகிப்போய்விடும். கடையில் மியூட்டைச் சோதிக்கும்போது கையில் இருக்கும் டிரம்பெட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும், ட்யூனரும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஸ்ட்ரெய்ட் மியூட் பெரும்பாலும் சுருதியைச் சற்றே ஏற்றும். ட்யூனிங் ஸ்லைடைச் சில மில்லிமீட்டர் இழுத்துச் சரிசெய்துவிடலாம் என்றால் பரவாயில்லை. நடுச்சுரம் ஏறி, மேல்சுரம் இறங்கி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இழுத்தால் அந்த மியூட் எவ்வளவு அழகாக ஒலித்தாலும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். முடிந்தால் நண்பர் ஒருவரை இருபது அடி தள்ளி நிற்கவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பெல்லுக்குப் பின்னால் இருப்பவருக்கு எல்லா மியூட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கேட்கும்.

கார்க் பற்றி ஒரு வார்த்தை, இது எனக்கு வலித்த இடம். ஒரு கச்சேரியில், மெதுவான பகுதி ஒன்றின் நடுவில், தந்திகள் மட்டும் மூச்சுவிடுவதுபோல் ஒலித்துக்கொண்டிருந்தபோது, என் மியூட் பெல்லிலிருந்து நழுவி மரத்தரையில் விழுந்தது. அலுமினியம். விழுந்தபின் உருண்டது. அடுத்த வரிசையின் நாற்காலிக்காலில் மோதி நின்றது. கார்க் மூன்றும் காய்ந்து, தேய்ந்து, பளபளத்துப்போயிருந்ததைப் பல வாரங்களாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், மாற்றவில்லை. முன்வரிசைப் பெண்மணி ஒருவர் திரும்பிப் பார்த்த முகம் இன்னும் மறக்கவில்லை.

புது மியூட்டின் கார்க் தடித்திருக்கும். அப்படியே போட்டால் மியூட் பெல்லில் போதிய ஆழம் இறங்காது, ஒலி தளர்ந்திருக்கும். மூன்று துண்டையும் நைஸ் உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாக, சமமாகத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பெல்லில் வைத்து ஒரு சுரம் ஊதிப் பார்க்க வேண்டும். ஒலி கவ்வும் இடம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும், தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. மேடையில் போடும்போது பெல்லுக்குள் வாயைத் திறந்து ஒருமுறை வெதுவெதுப்பாக ஊதினால் உட்சுவரில் ஈரம் படியும். மியூட்டை வைத்து லேசாகத் திருகினால் கார்க் அந்த ஈரத்தில் பிடித்துக்கொள்ளும். ஹார்ன் மியூட்டின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதும் இதே பயத்துக்காகத்தான். இவ்வளவுக்கும் இரண்டு மூன்று நொடி வேண்டும். ஆகவே என் தாளில் மியூட் வரும் ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு அடிகள் முன்னாலேயே, மற்றவர் குறிப்புகளோடு கலந்துவிடாமல், பென்சிலால் பெரிதாக எழுதிவைக்கிறேன்: ‘எடு’. அதன்கீழ் எந்த மியூட் என்பதும்.